முப்பத்தைந்தாம் வாரம், மேற்குக் காற்று

டாக்டர் வியேகாஸ் தந்த கடிதத்துக்கு
ஏழு நாள் ஆயுள்.
முப்பத்தைந்து வாரம். ஒற்றைக் கரு. பறக்கலாம்.
மூன்று வரி, ஒரு முத்திரை.
ஆறு நாளைக் காற்று தின்றுவிட்டது.

கோர்வு தீவில் ஓடுபாதை ஒன்றுதான்.
மேற்கே கிளம்பும் காற்று அதன் குறுக்கே படுத்துக்கொண்டால்
விமானம் வரும், இரண்டு முறை வட்டமிடும்,
எங்கள் கூரைகளைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போகும்,
விலாசம் கிடைக்காத தபால்காரர் போல.
காலையில் பெட்டியைப் பூட்டுவேன்.
மாலையில் திறந்து
பல் துலக்கியை மட்டும் வெளியே எடுப்பேன்.

பிரசவத்துக்கு இங்கே இடமில்லை, கடல் தாண்ட வேண்டும்.
அதனால் இந்தத் தீவில் பிறப்பவை
கன்றுகளும் ககாருப் பறவைகளும்தான்.
மனிதர்கள் வந்து சேர்கிறோம்.
என் வகுப்பில் ஆறு பேர்.
ஆறு அட்டையிலும் பிறந்த இடம்: ஓர்த்தா.

அக்டோபர். ககாருக் குஞ்சுகள்
முதல்முறை பறக்கும் மாதம்.
தெருவிளக்கை என்னவென்று நினைக்குமோ,
வந்து விழும்.
நேற்றிரவு ஜெர்வாசியோ ஒன்றைத்
தன் தீயணைப்புச் சட்டையில் சுற்றி எடுத்து வந்தான்.
பாலாடைக்கட்டி வந்த அட்டைப்பெட்டியில் வைத்தோம்.
விடிய விடிய உள்ளிருந்து உதைத்தது.
அந்த வீட்டில் உள்ளிருந்து உதைப்பவர் இருவர்.
நான் தூங்கவில்லை.

விடிந்ததும் துறைமுகச் சுவரில் பெட்டியைத் திறந்தான்.
அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
தண்ணீருக்கு ஒரு சாண் மேலே
தாழ்ந்து, தடுமாறி, பிறகு தடுமாறாமல்.
"காற்று விழுந்துடுச்சு, இன்னிக்கு இறங்கும்" என்றான்.
காற்றுப்பை பார்ப்பது அவன் உத்தியோகம்.

எனக்குக் குனிய முடியாது.
இறுக்கக் காலுறையை அவன்தான்
மண்டியிட்டு முழங்கால்வரை ஏற்றினான்,
கால் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாதாம்,
தண்ணீர்க் குழாய்க்கு வளையம் மாட்டுகிற முகத்தோடு.
சிரித்தேன்.
சிரித்தால் மூத்திரம் வருகிறது இப்போதெல்லாம்.

ஃபிலோமெனா கடிதத்தின் தேதியை
விரல் விட்டு எண்ணினாள்.
"நாளைக்கு வந்திருந்தா ஏத்தியிருக்க மாட்டேன்."
அவள் என் அத்தை மகள்.
ஏற்றியிருக்க மாட்டாள்தான்.
பட்டியலில் பயணிகள் பதினொருவர்.
என்னை ஒன்று என்று எழுதினாள்.
தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள்,
எங்களுக்கு இன்னும் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை.

"வயித்து மேல இல்ல, கீழ,
இடுப்பெலும்புல படணும்" என்று
பணிப்பெண் பட்டையை இறக்கி மாட்டினாள்.
அவள் கை சில்லென்றிருந்தது.

சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஜெர்வாசியோ,
தலைக்கவசத்தோடு.
சக்கரம் தரையை விடும்வரை
அவன் கண் எஞ்சினை விட்டு அகலக் கூடாது, அது சட்டம்.
கையசைக்கவும் கூடாது.
என் சன்னலுக்கு நேர் எதிரே எஞ்சின்.
அவன் எஞ்சினைப் பார்த்தான்.
அப்படி ஒருவர் எஞ்சினைப் பார்த்து
நான் பார்த்ததில்லை.

மேலே போனதும் எழுந்து நடந்தேன்,
நடக்கச் சொல்லியிருந்தார்கள்,
ஆறு எட்டு முன்னே, ஆறு எட்டு பின்னே.
மாட்டு வியாபாரி ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார்
ஒவ்வொரு முறையும்.
உள்ளே அது அசையாமல் கிடந்தது.
தண்ணீர் குடித்தேன்.
இன்னொரு குவளை.
கீழே தீவே இல்லை, வெறும் கடல்.
பிறகு உதைத்தது, விலாவுக்குக் கீழே,
அட்டையை உதைப்பது போல.

ஓர்த்தாவில் வாடகை அறை, நான்கு வாரத்துக்கு.
கட்டில், அடுப்பு, வெந்நீர் எல்லாம் கேட்டுக்கொண்டேன்.
சன்னல் எந்தப் பக்கம் என்று
கேட்க மறந்துபோனேன்.